நிரோஜா பெரிய கல்குலஸ் எடுத்த கதை

செய்தி வந்தபோது சனிக்கிழமை காலை ஆறரை மணி. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், வாடகை அறைக் கிணற்றடியில் நிரோஜா பல் தீட்டிக்கொண்டு நின்றாள். வாயில் நுரையோடுதான் போனை எடுத்தாள்.

"அப்பா கரைக்கு வந்து, வள்ளத்தை இழுத்துவிட்டிட்டு, அப்பிடியே மணலிலை குந்தினவர். நீ உடனை வெளிக்கிட்டு வா" என்றான் மச்சான் பிரகலாதன். குந்தியவர் எழும்பவில்லை என்பதை அவன் சொல்லவில்லை. அவள் கேட்கவுமில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

பருத்தித்துறைக் கரையில் ஆழ்வாப்பிள்ளைக்கும் பத்மாவதிக்கும் அவள் ஒரே பிள்ளை. சாதாரண தரம் படிக்கிற காலத்திலேயே போனில் காற்று நிலைமை பார்த்து, "இண்டைக்குக் கடலுக்குப் போகாதேங்கோ அப்பா" என்று மறிப்பாள். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "உன்ரை போனுக்குச் சோளகக் காத்துத் தெரியுமோ?" என்று நக்கலடிப்பார். சில நாள் போன் வெல்லும், சில நாள் அவர் வெல்வார். போன் ஏன் தோற்கிறது என்ற கேள்வி அவளை விடவில்லை. பௌதிகவியல் படித்து வானிலைப் பக்கம் போக வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் பிடித்தது. உயர்தரத்தில் பௌதிகத்துக்கு ஏ வந்தது. இணைந்த கணிதத்துக்கு சி. அந்த சியோடுதான் பல்கலைக்கழகக் கம்பஸுக்கு வந்தாள்.

முதலாம் வருடத்தில் நுண்கணிதம் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று, கணக்கை உயிரியலுக்கும் இரசாயனத்துக்கும் வேண்டிய அளவோடு கற்றுத் தந்துவிட்டு அந்த வருடத்தோடு முடிந்துவிடும். மற்றது எல்லை, தொடர்ச்சி, நிறுவல் என்று அடியிலிருந்து தொடங்கி இரண்டாம் வருடத்துக்கும் நீளும். பிள்ளைகள் முன்னதைச் சின்ன கல்குலஸ் என்றும் பின்னதைப் பெரிய கல்குலஸ் என்றும் சொன்னார்கள். பெரியதில் வருடாவருடம் பலர் விழுவார்கள் என்ற பயமும் கூடவே வந்தது. நிரோஜா இரண்டிலும் ஒவ்வொரு விரிவுரைக்குப் போய் இருந்து பார்த்தாள். சின்னதில் எல்லாம் விளங்கியது. பெரியதில் பாதிதான் விளங்கியது.

அந்தச் செய்தி வருவதற்கு முதல் நாள், வெள்ளி பின்னேரம், தகப்பன் போனில் கேட்டார்: "பெரிசுக்கும் சின்னனுக்கும் என்னடி வித்தியாசம்?"

"சின்னனிலை விடையைக் கண்டுபிடிச்சாப் போதும். பெரிசிலை அது ஏன் சரியெண்டும் காட்ட வேணும்."

"கொம்மாவோடை கதைக்கிற மாதிரி எண்டு சொல்லு."

பின்னால் பத்மாவதியின் குரல் ஏதோ திட்டியது. மூன்று பேரும் சிரித்தார்கள். அதுதான் அவரோடு கடைசிக் கதை.

ஞாயிற்றுக்கிழமை தகனம் முடிந்தது. பிறகு வீடு நிறையச் சனம். பந்தலுக்குள் கடதாசிச் சீட்டு விளையாடிய ஆண்கள், பிள்ளையின் படிப்பு இனி என்னாகும் என்பதையும் இடையிடையே இறக்கிப் பேசினார்கள். தாய்மாமன் நமசிவாயத்தின் மகன் பிரகலாதன் கம்பஸில் முகாமைத்துவம் படிக்கிறவன். அவன் சொல்லித்தான் சின்னதும் பெரியதும் சபைக்கு வந்தன.

"தேப்பன் செத்த வருசம். லேசானதை எடுக்கட்டும்" என்றார் நமசிவாயம்.

"சி எடுத்த பிள்ளைதானே, மாமா? பெரிசிலை விழுந்தாப் பேரும் கெடும், மனமும் உடையும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர், துரும்பைப் போட்டபடி.

ஒருவர்கூடக் கெட்ட மனத்தோடு பேசவில்லை. அதுதான் நிரோஜாவுக்கு வில்லங்கமாக இருந்தது. எதிரியென்றால் சண்டை பிடிக்கலாம். தேத்தண்ணீரும் தந்து தலையையும் தடவுகிற ஆட்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

வியாழக்கிழமை பிரகலாதன் கம்பஸிலிருந்து வந்தான். முகத்தில் நல்ல காரியம் செய்த திருப்தி. "உன்ரை அலுவல் முடிஞ்சுது மச்சாள். சின்னனிலை போட்டு உறுதிப்படுத்தீட்டன். நீ இனி ஒண்டுக்கும் யோசியாதை."

பதிவு செய்கிற இணையப் பக்கத்தின் கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். முதல் வாரம் அவளுக்கு எல்லாம் செய்து கொடுத்தவனே அவன்தான்.

"நீ என்னைக் கேட்டனியோ?"

"நீ அழுதுகொண்டெல்லோ இருந்தனி."

"அழுதாக் காது கேளாதோ?"

அவன் திகைத்துப்போனான். உறுதிப்படுத்தியதை மாற்றுவதென்றால் விரிவுரையாளரிடம் நேரில் போக வேண்டும், அதற்கும் மறுநாள் வெள்ளிதான் கடைசி என்று மெல்லச் சொன்னான். செத்த எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு சனிக்கிழமை.

"எட்டு முடியாமல் பிள்ளை படலை தாண்டப்படாது" என்று நமசிவாயம் உடனே சொன்னார். "செத்தவீட்டுத் துடக்குள்ள பிள்ளை. ஊர் என்ன சொல்லும்?"

நிரோஜா உள்ளே போய்த் தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள். பத்மாவதி ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதிகம் வாய் திறக்கவில்லை.

"அம்மா, சின்னனை எடுத்தா என்னாலை பாஸ் பண்ணலாம். ஆனா பௌதிகம் இந்த வருசத்தோடை நிண்டுபோம். பிறகு வானிலையும் இல்லை, ஒண்டுமில்லை."

"பெரிசிலை விழுந்தா?"

"விழுந்தாத் திருப்பி எழுதலாம். சின்னனிலை நிண்டாத் திருப்பி எழுத ஒண்டுமில்லை."

பத்மாவதி அவிழ்ந்திருந்த கூந்தலை முடிந்துகொண்டாள். பிறகு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"அண்ணை, அவள் கோயிலுக்கோ போறாள்? கலியாண வீட்டுக்கோ? கம்பஸுக்குத்தானே. அங்கை துடக்கு ஒட்டாது. போயிட்டு வரட்டும்."

தங்கை இத்தனை நாளுக்குப் பிறகு இவ்வளவு நீளமாகப் பேசியதே நமசிவாயத்துக்குப் பெரிய ஆறுதல். "அப்ப பிரகலாதன், நீயே கூட்டிக்கொண்டு போ. குழப்பினவன் நீதானே" என்று மகன் மீது பாய்ந்தார்.

வெள்ளி காலை இருவரும் மோட்டார் சைக்கிளில் போனார்கள். விரிவுரையாளர் ஐம்பது வயதுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டார். அவரும் அதே பாட்டைத்தான் தொடங்கினார்.

"உமக்கு இப்ப உள்ள நிலைமைக்குச் சின்னன்தான் நல்லம் பிள்ளை. கணிதத்துக்கு என்ன ரிசல்ட்?"

"சி, மிஸ்."

"பயமில்லையோ?"

"பயம்தான். ஆனா ரெண்டாம் வருசப் பௌதிகத்திலை அலையும் திரவ ஓட்டமும் வருது. ரெண்டுக்கும் பகுதி வகையீடு வேணும். அது பெரிசின்ரை தொடர்ச்சியிலைதான் இருக்கு. நான் உயிரியல் செய்யப்போறன் எண்டாச் சின்னன் போதும், சந்தோசமா எடுப்பன். நான் செய்யப்போறது அது இல்லை, மிஸ்."

"வீட்டுக் கவலையோடை உந்த நிறுவலெல்லாம் மண்டைக்குள்ளை ஏறுமோ?"

"கவலை எந்த வகுப்புக்குப் போனாலும் கூடத்தான் வரும், மிஸ்."

விரிவுரையாளர் கணினிப் பக்கம் திரும்பினார். "பெரிசிலை போட்டிட்டன். பின்வரிசை வாங்கிலை இராமல் முன்னுக்கு வந்து இரும். விளங்காட்டி அந்த இடத்திலையே கையை உயர்த்தும். பிறகு கேப்பம் எண்டு விடக்கூடாது."

வெளியே பிரகலாதன் மரநிழலில் நின்றான். "என்ன, வெண்டிட்டியோ?"

"ஓம். கடவுச்சொல்லையும் மாத்திப்போட்டன்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு சிரித்துவிட்டான். ஒரு வாரத்துக்குப் பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்தது.

எட்டுச் செலவு முடிந்து, திங்கட்கிழமை அவள் வகுப்புக்குப் போனாள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை வாடகை அறையில் தங்காமல் தினமும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது மாமனின் ஒரே நிபந்தனை. முதல் சோதனையில் நாற்பத்தெட்டு எடுத்தாள். பெரிய புள்ளியல்ல, ஆனால் பாஸ். அந்தச் சோதனையில் விழுந்தவர்களில் கணிதத்துக்கு ஏ எடுத்தவர்களும் இருந்தார்கள். இப்போது முன்வரிசை வாங்கில் இருக்கிறாள். கையும் உயர்த்துகிறாள். சில நாள் வகுப்பே அலுத்துக்கொள்ளும் அளவுக்கு உயர்த்துகிறாள்.

செத்தவீட்டு வாரத்தில் அவள் தவறவிட்டவை மூன்று விரிவுரைகள். தோழி றொசாந்தியின் குறிப்பைப் பார்த்து இரண்டை எழுதி முடித்துவிட்டாள். மூன்றாவதின் நிறுவல் பாதியில் நிற்கிறது.