புலிக்கோட்டுச் சிப்பாய்கள்

கல்யாணமாகி ஆஸ்டின் டவுனில் குடித்தனம் வைத்த இரண்டாவது வருடம், என் கணவர் ஆபீஸ் வேலையாக அமெரிக்கா போய்விட்டு வந்தார். பெட்டியைத் திறந்தால் எனக்கு ஒரு கைப்பை, அவருடைய அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டில், மீதி இடமெல்லாம் சின்னச் சின்ன அட்டைப்பெட்டிகள். உள்ளே சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சிப்பாய்கள். சுண்டுவிரல் நுனியில் பாதியளவுகூட இல்லாத முகம், அதில் மூக்கு, மீசை, எல்லாம் இருந்தன. பெயின்ட் அடித்து, அணி அணியாக மேஜை மேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை ஆடுவார்களாம். முப்பது வயது ஆளுக்கு இது என்ன விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கைப்பையை எடுத்து வைத்தேன்.

அவரோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரையும் இது பிடித்துக்கொண்டது. அந்த நண்பர் மூலமாக மல்லேஸ்வரத்தில் ஒருவர் அறிமுகமானார். பேங்கில் மேனேஜராக இருந்தவர், மூன்று தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பம், பேச்சில் பாதி கன்னடம். அவர் வீட்டு ஹாலில் பத்துப் பேர் உட்காரக்கூடிய சாப்பாட்டு மேஜை இருந்தது. அதுதான் போர்க்களம். தீபாவளிக்குள் ஆளுக்கு ஒரு படை பெயின்ட் செய்து முடிக்க வேண்டும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவரை முடித்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று மூவரும் சவால் போட்டுக்கொண்டார்கள். விதி ஒன்றே ஒன்று. அவரவர் கையால் செய்ய வேண்டும்.

கும்பினிப் படைக்கும் மைசூர்ப் படைக்கும் சண்டை. சிவப்புக் கோட்டும் பீரங்கியும் ஆண்கள் மூவருக்கும் போயின. தலைப்பாகை வைத்த சிப்பாய்கள் ஒரு பெட்டி மிஞ்சியது. மைசூர்ச் சிப்பாய் என்றால் ஊதாச் சட்டையில் புலிக்கோடு போட வேண்டும், மயிர் அளவு கோடு. யாரும் அதைத் தொடவில்லை. கூடப் போயிருந்த நான், "இத நான் போடட்டுமா?" என்று கேட்டேன். மேனேஜர் சிரித்தார். "போடும்மா, தாராளமா போடு. ஸ்வல்ப பொறுமை வேணும், அவ்வளவுதான்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியில் இடதுகைக்காரி. ஒன்றாம் வகுப்பில் டீச்சர் ஸ்கேலால் விரல் கணுவில் அடித்து அடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றினார். சாப்பாட்டை அம்மா மாற்றினாள். பெண் பார்க்க வந்த அன்று, "காப்பித் தட்டை ரெண்டு கையாலயும் பிடி, எங்கயாச்சும் இடது கை முந்திக்கப் போவுது" என்று சமையலறையில் வைத்துக் காதோடு சொன்னாள். அதிலிருந்து மனிதர்கள் முன்னால் என் இடது கை வேலை செய்ததே இல்லை. ஆனால் தனியாக இருக்கும்போது ஊசியில் நூல் கோர்ப்பதும், கறிவேப்பிலை ஆய்வதும், பூத் தொடுப்பதும் அந்தக் கைதான். இது மறைக்க வேண்டிய விஷயம் என்றுகூட நான் யோசித்ததில்லை. பழகிப்போயிருந்தது.

காலையில் பக்கத்து கான்வென்ட்டில் எல்கேஜி குழந்தைகளுக்குப் பாடம். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு, ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்காருவேன். சோடா பாட்டில் மூடி மேல் சிப்பாயை ஃபெவிகாலால் ஒட்டி, மூடியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையில் மெல்லிய பிரஷ். மூச்சை அடக்கி ஒரு கோடு, விட்டு இன்னொரு கோடு. அவருக்கு மதியத்திலிருந்து ராத்திரி வரை ஷிஃப்ட். அவர் திரும்புவதற்குள் எல்லாவற்றையும் ஏறக்கட்டிவிடுவேன். காய்ந்த சிப்பாய்கள் மட்டும் அலமாரியில் வரிசையாக நிற்கும்.

முதல் ஞாயிறு எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டாவது ஞாயிறு பாராட்டு குறைந்து கேள்வி வந்தது. மேனேஜர் என் சிப்பாய் ஒருவனைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தார்.

"இந்த ஊதா எப்படி வந்துச்சும்மா?"

"நீலத்துல கொஞ்சம் சிவப்பு, ஒரு சொட்டு கருப்பு சார்."

"கருப்பா? ஹௌதா? அப்படியா?" என்றவர் என்னைப் பார்க்காமல் நண்பரைப் பார்த்தார். நண்பர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தன் பீரங்கிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிறு நண்பர் பேச்சோடு பேச்சாக, "சிவாஜி நகர் பக்கம் போட்டோவுக்கெல்லாம் கலர் பண்ற ஆளுங்க இருக்காங்களாம், எது குடுத்தாலும் போட்டுக் குடுப்பாங்களாம்" என்றார். பிஸ்கட் தட்டு ஒரு சுற்றுப் போய் வந்தது. என் காது சூடாகிவிட்டது. யாரைப் பற்றிச் சொல்கிறார் என்று கேட்டுவிடலாம். கேட்டால் நானே வந்து தலையைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். இந்தப் பேச்சை ஆரம்பித்தது யார்? மேனேஜராகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தேன். பேங்கில் கள்ளக் கையெழுத்து பிடித்துப் பழகிய ஆள். அதன்பின் அவர் "வாம்மா" என்றாலே அதில் ஒரு குத்தல் கேட்டது. அவர் மனைவி எனக்கு மட்டும் காப்பியில் சர்க்கரை குறைத்துவிட்டாளோ என்றுகூடத் தோன்றியது.

அந்த வாரத்தில் ஒரு நாள் மதியம் காலிங் பெல் அடித்தது. கோடு போட்டுக்கொண்டிருந்தவள் பிரஷ்ஷைக் கீழே வைத்து, இடது கை விரலில் இருந்த ஊதாவைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். நண்பர் நின்றிருந்தார். ஒரு சி.டி. கொடுத்துவிட்டுப் போக வந்தாராம். அவரும் என் கணவரும் ஒரே ஆபீஸ். பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டியதை எதற்கு இங்கே கொண்டுவர வேண்டும்?

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. அவர் கண் ஜன்னலோரம் போனது. பெயின்ட் ஈரமாக இருந்த சிப்பாய். ஸ்டூலுக்கு இடது பக்கம் பிரஷ், தண்ணீர்க் கிண்ணம், கலர் குழைத்த ஓடு, எல்லாமே இடது பக்கம்.

"யாரோ இப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி இருக்கே சிஸ்டர்."

"நான்தான். பெல் அடிச்சதும் வந்தேன்."

"ஓ." உள் அறையின் திரைச்சீலையைப் பார்த்தார். "வேற யாரும் இல்லையா வீட்ல?"

"யாரும் இல்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். பெயின்ட் விவகாரத்தில் ஆரம்பித்த சந்தேகம் எங்கே வந்து நிற்கிறது என்று புரிந்தது. ராத்திரி அவரிடம் சி.டி.யைக் கொடுத்து, "உங்க ஃப்ரெண்ட் வந்தாரு" என்றேன். "அப்படியா" என்றார். ஏன் வந்தான் என்று கேட்கவில்லை. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

நான்காவது ஞாயிறு போனபோது மேஜை மேல் நியூஸ்பேப்பர் விரித்து, பெயின்ட் டப்பாக்கள், பிரஷ்கள், கிண்ணத்தில் தண்ணீர் எல்லாம் தயாராக இருந்தன. "இன்னிக்கு எல்லாரும் சேர்ந்து உக்காந்து போடலாம்னு ஒரு ஐடியா" என்றார் மேனேஜர். ஆளுக்கு ஒரு சிப்பாய் கொடுத்தார்கள். எனக்குத் தலைப்பாகைச் சிப்பாய். அவர்கள் மூவரும் பிரஷ்ஷை எடுத்தார்களே தவிர யாரும் நனைக்கவில்லை. மேனேஜரின் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள்.

எதற்கான ஏற்பாடு என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நிரூபித்துவிட வேண்டும் என்ற வேகத்தில் பிரஷ்ஷை எடுத்தேன். எடுத்தது வலது கை. அத்தனை கண்கள் இருக்கும் இடத்தில் வேறெந்தக் கையும் எழாது. ஊதா அடித்துவிட்டேன். வெள்ளைக் கோடு போடும்போது பிரஷ் வழுக்கியது. துடைத்தேன். மறுபடி போட்டேன். புலிக்கோடு இல்லை, பல்பொடி சிந்திய மாதிரி இருந்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவால்லம்மா, விடு" என்றார் மேனேஜர். அந்தக் குரலில் இருந்த கருணைதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டதும் அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"உண்மையச் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன். யாரு போட்டுக் குடுக்கறாங்க?"

நான் அவரைப் பார்த்தேன். நண்பர் எதற்கு வந்தார் என்று இவர் அன்று கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"அன்னிக்கு மதியம் உங்க ஃப்ரெண்ட இங்க அனுப்பினது யாரு?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"மொதல்ல இந்தப் பேச்ச எடுத்தது மல்லேஸ்வரத்துக்காரரா, நீங்களா?"

"நான்தான்" என்றார். "நான் இன்னா பண்றது? மாசக்கணக்கா கண்ண நட்டுனு போட்டும் எனக்கு மூஞ்சிகூட ஒழுங்கா வரல. நீ ஒரு நாள்கூட என் எதிர்ல பிரஷ்ஷ தொட்டதில்ல. ஆனா அலமாரியில வரிசையா நிக்கறானுங்க. ஆபீஸ்ல சும்மா பேச்சுவாக்குல அவன்கிட்ட சொன்னேன். அவன்தான் போய்ப் பாக்கறேன்னான்."

"நீங்க சரின்னீங்க."

"சரின்னேன்."

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். பாதி முடித்த சிப்பாயை எடுத்தேன். அவர் எதிரில் நின்றிருந்தார். பிரஷ்ஷை இடது கையில் எடுக்க எனக்கு வெட்கமாக இருந்தது, துணி விலகிய மாதிரி. எடுத்தேன். முதல் கோடு கொஞ்சம் நடுங்கியது. இரண்டாவது நின்றது. சட்டையின் முன்பக்கம் முழுக்கப் போட்டு முடிக்கும் வரை நான் தலை தூக்கவில்லை. அவர் சிப்பாயைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன். என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து?"

"பொறந்ததுலேர்ந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. எங்க அம்மா சொல்லக் கூடாதுன்னா."

அவர் சுவரோரம் கீழே உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. "காப்பி போடட்டா?" என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு சிப்பாயை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போக மாட்டேன் என்றுதான் இருந்தேன். அவர்தான் கூப்பிட்டார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். மேனேஜர், "இன்னிக்கு ஒண்ணும் போட வேண்டாம்மா, சும்மா ஆடலாம்" என்றார். நான் பிரஷ் கேட்டு வாங்கி, அவர்கள் எல்லோர் முன்னாலும் இடது கையால் ஒரு சிப்பாய்க்குக் கோடு போட்டேன். மேனேஜர் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். முடித்ததும், "நானே உன்ன சந்தேகப்பட்டேன்மா, தப்பு" என்றார்.

"நானும் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன் சார்."

"என்னையா? எதுக்கு?"

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் காது சிவந்திருந்தது. மேனேஜர் புரிந்துகொண்டு மேற்கொண்டு கேட்கவில்லை.

நண்பர் மட்டும் சமாதானமாகவில்லை. "அப்ப போன தடவ ஏன் சிஸ்டர் வலது கையால போட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். "நீங்க எல்லாம் பாத்துட்டு இருந்தீங்க" என்றேன். அது அவருக்குப் பதிலாகத் தெரியவில்லை. ஒரு மாதத்தில் இடது கையைப் பழக்கிக்கொண்டிருப்பேன் என்று ஆபீஸில் சொன்னாராம். அதையும் என் கணவர்தான் வந்து சொன்னார். இப்படிப்பட்டதை எல்லாம் உடனுக்குடன் வந்து சொல்லிவிடும் புது வழக்கம் அவருக்கு வந்திருந்தது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு எல்லாப் படைகளையும் மேஜையில் நிறுத்தி ஆடினோம். எனக்குப் பகடை சரியாக விழவில்லை. பீரங்கியில் அடிபட்டு என் ஆட்கள் மதியத்துக்குள் பாதி காலி. யாருடைய படை சிறந்தது என்று சீட்டு எழுதிப் போட்டார்கள். எனக்குத்தான் விழுந்தது, ஒரு சீட்டைத் தவிர. அந்த ஒன்று யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும்.

பரிசாகக் கிடைத்த பெயின்ட் பெட்டியோடு வீட்டுக்கு வந்த பிறகு அவர் தன் சிவப்புக் கோட்டுக்காரர்களை என் முன்னால் பரப்பினார். "இவனுங்களுக்கு மூஞ்சி மட்டும் நீ போட்டுக் குடேன். எனக்கு வரவே மாட்டேங்குது."

"வேணாங்க. அப்புறம் உங்க மேல சந்தேகம் வரும்."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மனசு கேட்காமல், ஒரு சிப்பாயை எடுத்து, கண் வைப்பதற்கு முன் கன்னத்தில் நிழல் எப்படிப் போட வேண்டும் என்று காட்டினேன். அவர் வலது கையால் அப்படியே போட்டுப் பார்த்தார். கண் வைத்ததும் மாறுகண் ஆகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன்.