சோப்புப் போடாத வேப்பெண்ணெய்

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன். பாக்டீரியா நீந்திக்கொண்டிருக்கும் நீரில் எண்ணெய்த் துளிகள் எப்படி உருவாகின்றன, எப்போது ஒன்றுசேர்ந்து தனியாகப் பிரிகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. அதனால், திருச்சுழிப் பக்கம் அண்ணனின் மிளகாய்த் தோட்டத்தில் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடிக்கப் போனபோது, மதினி நீட்டிய காதி சோப்பை நான் வாங்கவில்லை.

"இதைக் கரைச்சு ஊத்துனாத்தான் எண்ணெ தண்ணியோட சேரும்" என்றார் மதினி.

"அதெல்லாம் தெரியும் மதினி. குலுங்கிக்கிட்டே இருந்தா பிரியாது. நடந்தா குலுங்கத்தானே போகுது?"

எனக்கே பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சல்.

மருந்தடிக்கும் பேட்டரி டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு பாதித் தோட்டம் அடித்திருப்பேன். என் ஆராய்ச்சி மாணவி போனில் அழைத்தாள். பாக்டீரியாவின் நீச்சல் நின்றுவிட்டால் எண்ணெய் பிரிய எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள். சிக்னல் கிடைத்த வரப்பிலேயே அசையாமல் நின்று, அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்று விளக்கோ விளக்கென்று விளக்கினேன். பிறகு மிச்சத்தை அடித்து முடித்தேன்.

மூன்றாம் நாள் மதினி கூட்டிப்போய்க் காட்டினார். டேங்கின் அடியிலிருந்த தண்ணீர் முதலில் போய், மேலே மிதந்த எண்ணெய் கடைசியில் வந்திருக்கிறது. கடைசி இரண்டு பாத்தியிலும் இலைகள் கருகிக் கிடந்தன.

"குலுங்கிக்கிட்டேதான இருந்துச்சு, கொழுந்தனாரே?"

அன்றே மாணவியை அழைத்து, அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றேன்.

"எவ்வளவு நேரம் சார்?"

"அன்னிக்கு நான் உனக்குப் பாடம் எடுத்தேன்ல, அவ்வளவு நேரம்."