தண்ணீர் போன பக்கம்

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பேர். தைத்து வரும் சட்டைகளைப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதேதான். ஒரு தையல் விட்டுப்போனாலும் கண்ணில் பட்டுவிடும். தையல்காரர்கள் அவளை முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள். தங்களுக்குத் துணி எடுக்கப் போகும்போது மட்டும் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

அவள் கணவன் லாரி ஓட்டுகிறவன். யாரோடும் வம்பு வேண்டாம் என்கிற ரகம். ஹோட்டலில் கேட்டது ஒன்று, வந்தது ஒன்று என்றாலும் பேசாமல் சாப்பிட்டு எழுந்துவிடுவான். இருவரும் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வரிசை வீடுகளில் ஏழாவதை வாங்கப் பேசி முடித்திருந்தார்கள். பத்திரம் பதிவதற்கு முன் வீட்டைப் பார்த்து, எல்லாம் சரி என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்.

சூப்பர்வைசர் சாவியோடு வாசலில் நின்றார்.

"பத்து நிமிஷ வேலைதாம்மா. மத்த ஆறு வீட்டுக்காரங்களும் வந்தாங்க, பார்த்தாங்க, போட்டுட்டாங்க."

"அவங்க பார்த்தது அவங்க வீட்டை" என்றபடி, கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்தாள்.

ஒவ்வொரு கதவையும் மூன்று தரம் திறந்து மூடினாள். போன் சார்ஜரை ஒவ்வொரு பிளக்கிலும் செருகிப் பார்த்தாள். கூடத்தில் ஒன்று வேலை செய்யவில்லை. தரையில் குத்தவைத்து உட்கார்ந்து டைல்ஸைத் தட்டினாள். நான்கு டைல்ஸ் அடியில் சிமெண்ட் இல்லாமல் டொக்கு டொக்கென்றன. பதினொரு மணிக்குள் வீட்டுக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"போதும், வா. மிச்சத்தைக் குடி வந்து பார்த்துக்கலாம்" என்றான் கணவன்.

"குளியலறை இருக்குங்க."

பக்கெட் நிறையத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். தண்ணீர் ஒரு நொடி தயங்கிவிட்டு, மூலையில் இருந்த ஓட்டையை விட்டுவிட்டுக் கதவுப் பக்கம் கிளம்பியது. சூப்பர்வைசரின் செருப்பை நனைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனது.

"வைப்பர் வெச்சுத் தள்ளினா போயிடும்மா."

"தினமும் தள்ள நீங்க வருவீங்களா?"

அவர் முகம் மாறிவிட்டது. "இந்த வீட்டுக்கு ஆள் வரிசையில நிக்குது. வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

சட்டையைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு சட்டை வரும். வீடு அப்படியா? கணவனைப் பார்த்தாள். அவன் ஈரத் தரையைப் பார்த்தபடி, அரைக் குரலில், "அவ போடலைன்னா நானும் போட மாட்டேன் சார்" என்றான்.

கையெழுத்துப் போடாமலே திரும்பினார்கள்.

ஒன்பது நாள் ஆகியும் போன் வரவில்லை. அந்த வாரம் அவள் கைதாண்டிப் போன ஒரு சட்டை பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. மேனேஜர் திட்டவில்லை. "உடம்பு சரியில்லையா?" என்றுதான் கேட்டார். அதுதான் அவளுக்கு உறைத்தது.

பத்தாம் நாள் சூப்பர்வைசரே கூப்பிட்டார். ஆறாவது வீட்டில் குடியேறிய டீச்சர் குளித்த தண்ணீர் கட்டிலுக்கு அடியில் தேங்கி, மெத்தையின் ஓரம் ஊறிவிட்டதாம். டீச்சர் போட்ட சத்தத்தில் மற்ற வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்ள, ஏழு குளியலறைகளையும் பெயர்த்துப் போடுவதென்று முடிவாகியிருந்தது. "உங்க வீட்டுலயிருந்தே ஆரம்பிக்கிறோம்மா" என்றார், கொஞ்சம் சுரத்தில்லாமல்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி போனாள். ஊற்றிய தண்ணீர் நேராக ஓட்டைக்குப் போனது. நம்பாமல் இன்னொரு பக்கெட் ஊற்றினாள். பிறகுதான் பேனாவை வாங்கினாள்.

குடிவந்த மூன்றாம் நாள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். கதவு குழாயில் இடித்துப் பாதியில் நின்றது. அவள் அதைத் திறந்தே பார்த்திருக்கவில்லை.

"நான் அன்னைக்கே பார்த்தேன்" என்றான் கணவன்.

"ஏங்க சொல்லலை?"

"செருப்பு நனைஞ்சு நின்னாரே, பாவமா இருந்துச்சு."