ரங்கோன் எம்மாந் தூரம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஜவ்வாது மலையில் புளியமரம் உலுக்கிய இந்தக் கைதான் பிறகு சொந்தமாக லாரி வாங்கியது. கல்கத்தாவிலிருந்து ரங்கோனுக்கு விமானத்தில் போய்வந்திருக்கிறேன். எங்கள் மலையில் அப்படி இன்னொருவனைக் காட்டட்டும், பார்க்கலாம். விமானத்தில் கொடுத்த காப்பி ஆறுவதற்குள் கடலே முடிந்துவிட்டது. அந்தக் காப்பியை நான்தான் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது சண்டைக் காலம். அத்தையின் புருஷன் ரங்கோனில் அரிசி மில் வேலைக்குப் போயிருந்தார். ஜப்பான்காரன் அங்கே குண்டு போட்டான், கப்பல் நின்றுபோனது என்று மலையிலிருந்து அரைப் பொழுது நடையில் இருக்கும் போளூர்ச் சந்தையில் பேச்சு. மாமாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. புருஷன் கைவிட்ட பெண்ணை ஊர் கூடி வேறொருவனுக்குக் கட்டிவைப்பது எங்கள் வழக்கம். எதிர்மேட்டு ஊரிலிருந்து, பெண்டாட்டி செத்துப்போன ஒருவன் அத்தையைக் கேட்டு வந்தான். ஊர் கூடியது.

ஊர்க் கவுண்டர் அப்பாவைப் பார்த்தார். “ரங்கோன் எம்மாந் தூரம்பா?”

சந்தைக்குப் போய்வருகிறவர் என்பதால் அப்பாவுக்கு உலகமே தெரியும் என்று பெயர். தெரியாது என்று அவர் எதற்கும் சொன்னதில்லை. எனக்கும் அந்த வாய்தான். புளி மண்டியில் யாரோ பேப்பர் படித்ததைக் காதில் வாங்கி வைத்திருந்தவர், அதை எடுத்துவிட்டார்.

“கல்கத்தாவுலேர்ந்து ஏரோப்ளேன்ல, காலையில கூழு குடிச்சிட்டு ஏறுனா உச்சிப் பொழுதுக்கு ரங்கோனுங்க.”

“அட, நம்ம போளூரு தூரந்தான்!” என்றார் கவுண்டர்.

யாரும் சிரிக்கவில்லை. மலையில் அன்று மைல் கணக்கு ஏது? போய்ச் சேருகிற பொழுதுதான் தூரம். அரைப் பொழுதில் வரக்கூடியவன் இத்தனை மாசமாக வரவில்லை என்றால், பெண்டாட்டி வேண்டாம் என்றுதானே பொருள்?

அத்தை ஒருத்திதான் எழுந்தாள். “அவுரு இன்னா ஏரோப்ளேனா வச்சிகினு இருக்காரு? நடந்துதாங்க வரணும். சாமை அறுப்பு வரைக்கும் பொறுங்க.”

“நடந்தா ரெண்டு நாளு ஆவுமா?” என்று யாரோ கேலி செய்தார்கள். சொன்னதை ஊர் முன்னால் திரும்ப வாங்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. அந்த வாரமே அத்தை எதிர்மேட்டுக்குப் போனாள்.

சாமைக் கதிர் களத்தில் கிடந்தபோது மாமா வந்து நின்றார். கையில் ஒரு கோல், கால் இரண்டும் புண்.

“ஏரோப்ளேன்லயா வந்த மாமா?” என்று கேட்டேன்.

“அது மேல போச்சுடா. நான் கீழ வந்தேன்,” என்று சிரித்தார். உட்கார்ந்து, காடு காடாக நடந்ததைச் சொன்னார், கூட வந்தவர்கள் வழியிலேயே விழுந்ததைச் சொன்னார். பிறகு, “எங்கடா உங்க அத்த?” என்றார்.

அப்பாவை முந்திக்கொண்டு நான்தான் சொன்னேன். “எதிர்மேட்டுல கட்டிக் குடுத்துட்டாங்க மாமா. தோ தெரியுது பாரு, அந்த வூடுதான். எழுந்துக்கோ, நான் இட்டுகினு போறேன்.”

மாமா அந்த மேட்டையே வெகுநேரம் பார்த்தார். அம்மா வைத்த களியைத் தொடவில்லை. கோலை எடுத்துக்கொண்டு போளூர் இறக்கத்தில் இறங்கினார்.

ரங்கோனிலிருந்து நடந்து வந்த மனுஷனுக்குக் கண்ணெதிரே தெரிகிற வீட்டுக்கு நடக்க ஏன் முடியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. புண் கால் மேடு ஏறாது, இறக்கமானால் இறங்கும் என்று நானே ஒரு நியாயம் கண்டுபிடித்து, அத்தையைக் கூட்டிவர எதிர்மேட்டுக்கு ஓட்டமாக ஓடினேன்.