காக்கா ஆழி மூடிய சேறு

எண்ணூர் கழிமுகத்தில் நானும் என் மனைவியும் கையால் தடவித்தான் இறால் பிடிக்கிறோம். தண்ணீரில் மண்டியிட்டு, சேற்றுக்குள் விரலை விட்டுத் துழாவியபடியே நகர வேண்டும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொள்வோம். அதனால் வேலை முடியும்வரை பேச முடியாது. எனக்கு அது வசதி.

சில வருடங்களுக்கு முன் பாலத்தூணில் கொத்துக் கொத்தாகக் கருப்புச் சிப்பி ஒட்டியிருந்தது. நகம் அளவுதான். காக்கா ஆழி என்றார்கள். அந்தக் கொத்துக்குள் நண்டுக்குஞ்சுகள் ஓடின. இதைப் போட்டால் நம் இடத்துக்கும் நண்டு வரும் என்று நினைத்து, ஒரு பறி நிறையப் பிய்த்து வந்து நாங்கள் தடவும் இடத்தில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நண்டு வரத்தான் செய்தது. பிறகு ஆழி பெருகியது. ஒன்றோடொன்று நூல் விட்டுப் பின்னிக்கொண்டு சேற்றையே மூடிவிட்டது. இறால் பகலில் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். புதைய இடமில்லாத இடத்தில் அது ஏன் இருக்கும்? கையை விட்டால் விரல்தான் கிழிந்தது. அடியில் எங்கள் ஊர்ச் சிப்பியான மஞ்சள் மட்டி வாயைத் திறந்து செத்துக் கிடந்தது. எங்கள் பறி காலியாகவே கரையேறியது. ஆனால் நான் எதுவும் போடாத இடங்களிலும் இதே கதிதான். என்னால் வந்ததா, தானாக வந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை.

போன தை மாதம், மொத்தத்தையும் வாரிக் கரையில் கொட்டிவிடலாம் என்றாள் மனைவி. மண்வெட்டியால் முதல் கொத்தைப் புரட்டினேன். உள்ளே சின்னச் சின்ன உளுவை மீன், நண்டு, விரல்நுனி அளவு இறால்குஞ்சு ஒன்றும் கூட. என் கை நின்றுவிட்டது.

"இத நான்தான் கொண்டாந்து போட்டேன்" என்றேன்.

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னாத்த?"

"ஆழிய. நண்டு வரும்னு. ஒரு பறி."

"ஒரு பறி போட்டதுக்கா ஆறு முழுக்க ரொம்பிச்சி? கப்பல் அடில ஒட்டிக்கினு வந்துச்சின்னு ஊரே சொல்லுது. நீ இன்னாயா, கப்பலா?"

சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விட்டது. "நம்ம எடத்துக்கு நீதான் கொண்டாந்தியோ இன்னாவோ. என்னாண்ட ஏன்யா சொல்லல?"

"தெரியல."

"இப்ப வார்றதா, வுட்றதா?"

"அதுவும் தெரியல. உள்ள குஞ்சு கீது."

"தெரியல தெரியலன்னு சொல்ல ஒரு ஆளு, அதுக்குக் கையில மம்பட்டி வேற."

அவளே நடுவில் எல்லை மாதிரி நான்கு கழிகளை வரிசையாக ஊன்றினாள். கரைப்பக்கம் வாருவது, ஆற்றுப்பக்கம் அப்படியே விடுவது. வாரியதை, ஓதம் ஏறினாலும் தண்ணீர் எட்டாத மேட்டில் கொட்டினோம்.

பத்து நாள் கழித்துக் கையை விட்டோம். வாரிய பக்கம் சேறு இளகியிருந்தது. ஆனால் அரிசி அளவில் புதுச் சிப்பிகள் அங்கேயும் ஒட்டத் தொடங்கியிருந்தன. விட்ட பக்கத்தில் இரண்டு நண்டு கிடைத்தது. இறால் ஒன்றே ஒன்று, அதுவும் கழியை ஒட்டி என் கையில் சிக்கியது. எந்தப் பக்கம் என்று அவள் கண்ணால் கேட்டாள். நாங்கள் கலக்கிய கலக்கில் தண்ணீர் கருத்திருந்தது. கழியும் ஓதத்தில் சாய்ந்திருந்தது. நான் தலையை எந்தப் பக்கமும் ஆட்டாமல் இறாலை அவள் பறியில் போட்டேன்.