படத்தைத் திறக்காத விருந்தாளி

சமையலறைச் சுவரில் அம்மா கரித்துண்டால் எண்கள் எழுதி வந்தார். ஐந்து, ஒன்பது, பதினொன்று, பதினொன்று, பதினான்கு. நான் சிரம்பானிலிருந்து பேருந்தில் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பார்: "இன்னிக்கு எத்தன பேரு?" நான் சொல்லும் எண்ணை முந்தைய நாள் எண்ணுக்குக் கீழே எழுதுவார். அண்ணனைத் தேடி நான் இணையத்தில் போட்ட பக்கத்தை அன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் அது.

மலேசியாவில் தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். நான் கணினியில் டிப்ளோமா முடித்துவிட்டு, சிரம்பானின் தெமியாங் பகுதியில் ஒரு கணினிக் கடையில் வேலை பார்த்தேன். மோடம் பொருத்துவதும், பழுது பார்ப்பதும், கேட்பவர்களுக்கு இணையப் பக்கம் செய்து தருவதும் என் வேலை. அண்ணன் வீட்டை விட்டுப் போய் அப்போது நான்கு வருடம் ஆகியிருந்தது.

அவன் தொடர்ந்து மூன்று நாள் பெரட்டுக்குப் போகவில்லை. பெரட்டு என்பது விடிவதற்கு முன்னால் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பேர் கூப்பிட்டு எண்ணும் நேரம். நான்காம் நாள் அவன் வந்து நின்றபோது, கிராணி ஏதோ கேலியாகச் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அப்பா வரிசையை விட்டு வெளியே வந்து, அத்தனை பேர் முன்னாலும் அவனை அடித்தார். "என் மூச்சு இருக்கிற வரைக்கும் இந்த லயத்துல கால வைக்காத" என்றார். அன்று மதியம் அவன் லயத்து வரிசை வீட்டிலிருந்து இரண்டு சட்டையோடு போய்விட்டான். அடுத்த வருடமே அப்பா நெஞ்சு வலியில் இறந்தார். கொள்ளி வைக்க சித்தப்பா மகன் வந்தான்.

தேடிய இடங்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண் போட்டு எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வந்தேன். ரஹாங்கில் இருந்த அவன் நண்பன் வீடு. கெமாஸ் ரயில் நிலையம், யாரோ அவனை அங்கே பார்த்ததாகச் சொன்னதால் இரண்டு முறை. ஜொகூரில் ஒரு தொழிற்சாலை விடுதி. போலீஸ் புகார். பத்திரிகை விளம்பரம். பன்னிரண்டாவதாக எழுதியது இந்தப் பக்கம். அதற்குக் கீழே எழுத என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

கடை முதலாளி இணையத்தில் இடம் கொடுத்தார். நான்கு பக்கங்கள் செய்தேன். முதல் பக்கத்தில் அவன் படம், அவன் பேர். இரண்டாவதில் அவன் படித்த பள்ளி, பழகிய ஆட்கள். மூன்றாவதில் எங்கள் லயத்து முகவரி. நான்காவதில் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம்.

அப்பா இறந்ததையும் எழுதிவிடலாம் என்றேன். அவர் மூச்சு இல்லை என்று தெரிந்தால்தானே அவன் வருவான். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"சாவு சேதிய ஆள் போய் நேர்ல சொல்லணும். கடுதாசில எழுதினாலே தப்பும்பாங்க. நீ பொட்டிக்குள்ள போட்டு ஊருக்குக் காட்டப் போறியா? அவன் வரட்டும். வாசல்ல வச்சு நானே சொல்லிக்கிறேன்."

நான் விட்டுவிட்டேன்.

பார்வையாளர்களை எண்ண நானே ஒரு சின்ன நிரல் எழுதினேன். யாராவது பக்கத்தைக் கேட்டால் ஒன்றைக் கூட்டு, கேட்ட மணியையும் நிமிடத்தையும் குறித்துவை. அவ்வளவுதான். கேட்டது யார் என்று அந்த நிரல் பார்க்கவில்லை. அது எனக்குத் தோன்றவும் இல்லை.

இரண்டாவது மாதத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஒருவர் ஏறக்குறைய தினமும் வந்தார். எப்போதும் காலை நாலரையை ஒட்டி. நான்கு பக்கங்களையும் வரிசையாகப் பார்த்தார். அம்மாவின் கடிதத்தோடு முடித்துக்கொண்டார்.

நாலரை என்பது தோட்டத்தில் ஆள் எழும்பும் நேரம். அதை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அதைச் சொல்லவே பேருந்திலிருந்து இறங்கி லயம் வரை ஓடினேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். "பழக்கம் விட்டுப் போகல பாரு" என்றார். பிறகு, "என் கடுதாசியத் தினம் படிக்கிறான்" என்றார்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் நம்பவில்லை. "வேற யாராச்சும் பாத்துட்டுப் போவாங்க லா" என்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில், நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பெரட்டுல ஆள் நின்னாத்தான கிராணி பேர் போடுவாரு? ஆள் இல்லாம எண்ணிக்க எப்படி ஏறும்?" என்றார் அம்மா.

முப்பது வருடம் விடியுமுன் வரிசையில் நின்றவர். எண்ணிக்கை என்றால் நிற்கிற உடம்பு என்பது அவருக்குத் தெரிந்த உண்மை. எனக்கும் அப்படித்தான் இருந்தது. வருபவரின் இணைய எண்ணை வைத்து அவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று நான் பார்த்திருக்கலாம். பத்து நிமிட வேலை. இரண்டு மாதம் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தோட்டம் கைமாறி, லயங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். டவுன் பக்கம் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமாக லாரி ஏறிப் போனது. பக்கத்து வீட்டு அக்காவும் போனார். அம்மா மட்டும் அசையவில்லை. இணையப் பக்கத்தில் லயத்து முகவரிதானே இருக்கிறது, கிளம்பி வருகிறவன் வந்து பூட்டிய கதவைப் பார்ப்பானா என்றார். புது முகவரியைப் போட்டுவிடலாம் என்றேன். "ஏற்கெனவே படிச்சிட்டுக் கிளம்பியிருந்தா?" என்றார். லயத்துக் குழாயில் தண்ணீரை நிறுத்தினார்கள். ஸ்டோர் பக்கத்துக் குழாயிலிருந்து இருவரும் வாளியில் தூக்கினோம். மாதக் கடைசியில் லயத்தை இடிக்கப் போவதாகத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் இருந்தது. அவன் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். இணைய இடம் தரும் கோலாலம்பூர் நிறுவனத்திடம் முழுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் ஒரு வரி அதில் விழும். கடையில் அச்சடித்து, அளவுகோல் வைத்து வரிவரியாகப் படித்தேன்.

நாலரைக்கு வருபவர் ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு கோப்பைக் கேட்டிருந்தார். எந்தப் பக்கங்களைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று தேடும் இயந்திரங்களுக்குச் சொல்லும் கோப்பு அது. மனிதர் யாரும் அதைக் கேட்பதில்லை. பிறகு நான்கு பக்கங்கள், எல்லாம் நான்கு விநாடிக்குள். அம்மாவின் கடிதத்தை நானே சத்தமில்லாமல் படித்தால் மூன்று நிமிடம் ஆகும். வரியின் முடிவில் தன் பேரையும் விட்டுப் போயிருந்தது, தேடு இயந்திரம் ஒன்றின் பேர்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. முதலில் கண்ணில் பட்டது வேறு. அது ஒரு நாள்கூட அவன் படத்தைத் திறக்கவில்லை.

மற்ற வரிகளையும் பிரித்து எழுதினேன். இன்னும் மூன்று இயந்திரங்கள். கடையிலிருந்து நான். முதலாளி. என்னோடு படித்த ஒரு தோழி. எல்லாவற்றையும் கழித்தால் மிச்சம் ஐந்து பேர், நான்கு மாதத்தில். ஐவரும் ஒரே ஒரு முறை வந்து, திரும்ப வராதவர்கள்.

மூன்று நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. வழக்கம்போல எண் கேட்டார். பதினேழு, பதினாறு, பதினெட்டு என்றேன். பொய்யில்லை, நிரல் காட்டிய எண்கள்தான். அம்மா எழுதினார். கரி உடைந்து விழும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. நான்காம் நாள் வாளியோடு வரும் வழியில் சொன்னேன்.

"நாலரைக்கு வர்றது அண்ணன் இல்லம்மா. மெசினு."

அம்மா வாளியைக் கீழே வைக்கவில்லை. நடந்துகொண்டே கேட்டார்.

"என்ன மெசினு?"

"உலகத்துல இருக்கிற பக்கத்தயெல்லாம் தானா போய்ப் படிச்சு, எங்க என்ன எழுதியிருக்குன்னு பட்டியல் போடுற மெசினு."

"தெனம் எதுக்கு வருது?"

"ஏதாச்சும் மாறியிருக்கான்னு பாக்க."

"அவன் படத்தப் பாத்துச்சா?"

"இல்ல. அதுக்கு எழுத்து மட்டுந்தான் வேணும்."

வீட்டுக்கு வந்து சுவர் முன்னால் நின்றார். நான்கு மாதத்து எண்கள், கூரை ஓரத்திலிருந்து இடுப்புயரம் வரை. இதில் எத்தனை பேர் ஆள் என்று கேட்டார். ஐந்து என்றேன். அந்த ஐந்தில் அவன் இருக்கலாமா என்று கேட்டார். தெரியாது என்றேன். அன்று சமைக்கவில்லை, என்னையும் சமைக்க விடவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டார். அவர் அழுதிருந்தால் எனக்குச் செய்ய ஏதாவது இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் என்னை எழுப்பினார்.

"அந்தப் பட்டியல யாரு பாப்பா?"

தேடுகிறவர்கள் என்றேன். அண்ணன் எங்கேயாவது ஒரு கணினியில் தன் பேரையோ தோட்டத்துப் பேரையோ தட்டிப் பார்த்தால், அந்த மெசின் படித்து வைத்திருந்தால்தான் எங்கள் பக்கம் அவன் கண்ணில் படும்.

"அப்ப அது படிக்கிற மாதிரி எழுது. நோட்ட எடு."

படத்தில் இருப்பதையெல்லாம் எழுதச் சொல்லி, ஒவ்வொன்றாக அவரே சொன்னார். இடது புருவத்தில் ரப்பர் பால் கோப்பைக் கம்பி கிழித்த தழும்பு. முன்பல் ஒன்று லேசாக உள்ளே போயிருக்கும். சிரித்தால் வலது பக்கம் மட்டும் குழி விழும். நடக்கும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். நான் எண் போட்டு எழுதினேன். ஒன்பதாவதாகப் புது வீட்டு முகவரி, எந்த மாடி என்பது வரை விவரமாக.

"பத்தாவது, அப்பா இல்லன்னு எழுது."

நான் பேனாவை நிறுத்தினேன். ஆள் போய்த்தான் சொல்ல வேண்டும் என்றீர்களே என்றேன்.

"அனுப்ப ஆளு எங்க இருக்கு? அதாச்சும் போய்ச் சொல்லட்டும்."

திங்கட்கிழமை பக்கத்தை மாற்றினேன். நிரலையும் மாற்றி, இயந்திரங்களை எண்ணாமல் விடச் செய்தேன். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை பூஜ்யம். பதிவேட்டில், நாலரையைத் தாண்டி ஒரு நிமிடத்தில், அந்த இயந்திரத்தின் ஐந்து வரிகள்.

மாலையில் நான் வந்தபோது அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை.

"வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"எல்லாத்தையும் படிச்சுச்சா?"

"படிச்சிட்டுப் போயிருச்சு" என்றேன். அம்மா சாக்கின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டார்.