தொடாத ஞானத்தகப்பன்

மலாயாவில், கிள்ளானிலிருந்து கடலை நோக்கிப் போகும் செம்மண் சாலையில், ரப்பர் தோட்டங்கள் முடிந்து தென்னந்தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் எங்கள் மாதா கோயில் இருந்தது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. மழை பெய்தால் எங்கெங்கே ஒழுகும் என்பது பங்கு மக்கள் அனைவருக்கும் தெரியும். வெளியூர் விருந்தாளிகளை அந்த இடங்களில்தான் மரியாதையாக உட்கார வைப்போம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் நான் அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. வாரத்தில் ஐந்தரை நாள் துரையின் ஏடுகளை எழுதினேன். மிச்ச நேரத்தில் சர்வேசுரனுடையதை. ஞானஸ்நானம், கல்யாணம், மரணம் ஆகிய மூன்று பதிவேடுகளும் என் கையெழுத்தில்தான் இருந்தன. எந்தச் சடங்குக்கு எந்தச் சீட்டு வேண்டும், யார் கையொப்பமிட வேண்டும், எந்த நாளில் எது கூடாது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன். கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இந்தக் குணத்தால் எனக்கு நண்பர்கள் குறைவு.

அங்கே வாரம் என்பது ஒரு நேர்த்தியான ஏற்பாடு. புதன்கிழமை மாலை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் ஜெபமாலை. அந்த வீட்டில் கோப்பியோடு பலகாரமும் உண்டா என்பதைப் பொறுத்துப் பக்தி கூடும், குறையும். வெள்ளிக்கிழமை கருவாடு. மற்ற நாட்களிலும் கருவாடுதான். வெள்ளிக்கிழமை அதற்குப் புண்ணியம் உண்டு. சனிக்கிழமை பெண்கள் கோயிலைக் கழுவுவார்கள். அது காய்வதற்குள் பாவசங்கீர்த்தனம் தொடங்கிவிடும். சாமியாருக்குச் செவி கொஞ்சம் மந்தம். அதனால் வரிசையில் நிற்பவர்கள் முன்னால் போனவரின் பாவங்களைக் கேட்டு, தங்களுடையது அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் அடைந்து உள்ளே போவார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை. பூசை முடிந்ததும் ரம்புத்தான் மரத்தடியில் கூட்டம். பங்கின் உண்மையான நிர்வாகம் அந்த மரத்தடியில்தான் நடந்தது.

சாமியார் பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் தமிழ் படித்தவர். அவர் பேசினால் பழைய ஞானோபதேசப் புத்தகம் எழுந்து வந்து பேசுவது போலிருக்கும். அவருக்கு அடுத்த அதிகாரி உபதேசியார். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், பூசையில் லத்தீனில் பதில் சொல்வதும் அவர் வேலை. ஒரு ஞாயிறு அவருடைய லத்தீனில் மூன்று பிழைகளை மரத்தடியில், பத்துப் பேர் முன்னிலையில், நான் எடுத்துக் காட்டினேன். மூன்றும் பிழைதான் என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமையன்று ஒரு பெண்ணுக்கு ஞானஸ்நானம். வயது பத்தொன்பது. தாய் தகப்பன் இல்லாத இந்துப் பெண். எங்கள் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை வீட்டில் வளர்ந்து, தானாகவே விரும்பிக் கேட்டு, ஓராண்டு ஞானோபதேசம் படித்தவள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஞானத்தாயாக நிற்க மருத்துவச்சி ஒப்புக்கொண்டிருந்தார். ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய ஆஸ்பத்திரி டிரஸர் வரவில்லை. அவரது மாட்டுவண்டி வழியில் புதைந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. சாமியார் சுற்றுமுற்றும் பார்த்தார். மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான்.

“நீரே ஞானத்தகப்பனாக நில்லும்” என்றார்.

நின்றேன். வர்த்தி இடக்கையில். வலக்கையை அவள் தோள்மேல் வைக்க வேண்டும்; அது முறை. மறுபேச்சில்லாத முறை. ஞானப் பெற்றோர் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் ஞானப் பிள்ளையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வலக்கையை நீட்டினேன். கோயில் நிறைய ஜனம். கல்யாணமாகாத இருபத்தாறு வயது ஆண்பிள்ளையின் கை அது. தோளுக்கு மேலே எங்கேயோ அது நின்றுவிட்டது. ஆறு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. அன்று மாலை பதிவேட்டில், ஞானத்தகப்பன் என்ற இடத்தில், என் பெயரை நானே என் மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதினேன்.

பத்து மாதம் கழித்து அவள் அத்தை என்னைத் தேடி ஆபீசுக்கு வந்தார். “கிராணியாரே, சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாது. எங்க பொண்ண உங்களுக்குக் கேக்க வந்தேன். அவளுக்கும் சம்மதம். அவ வாயி கொஞ்சம் நீளம். அத இப்பவே சொல்லிப்புடுறேன்.”

அந்த வாயை நான் பள்ளிக்கூட ஜன்னல் வழியாக மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சம்மதம் என்றேன். இன்னொரு செய்தியும் இருந்தது. செந்தூலில் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவளுடைய தாய்மாமன், தன் மகனுக்கு அவளைக் கேட்டுக்கொண்டிருந்தார். முறைப்பையன், உரிமை உண்டு. “உங்க கோயில்ல நோன்பு தொடங்குறதுக்குள்ள கல்யாணத்த முடிச்சா சரி. இல்லாட்டி நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்” என்று சொல்லியிருந்தாராம். தபசுகாலத்தில் எங்களிடம் கல்யாணம் கிடையாது. அது தொடங்கும் விபூதிப் புதனுக்கு நாலு வாரம் இருந்தது. அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க வேண்டும். கணக்கு சரியாகப் பொருந்தியது.

ஓலை வாசிப்பதற்கு முன் பதிவேட்டைப் பார்த்து, கல்யாணத்துக்குத் தடையான விக்கினம் ஏதும் இல்லையென்று சாமியாரிடம் சொல்ல வேண்டியவன் நான். பார்த்தேன். அவள் பெயரை மட்டும் பார்த்தேன். அழகாக எழுதியிருக்கிறோமே என்றுகூட நினைத்தேன்.

முதல் ஞாயிறு. வழக்கமாக ஓலை வாசிப்பது நான். என் ஓலையை நானே வாசிப்பது அழகல்ல என்பதால் உபதேசியார் வாசித்தார். இன்னாரின் மகன், இன்னாரின் மகளை என்று நிதானமாகப் படித்து, “இந்த விவாகத்துக்கு விக்கினம் ஏதும் அறிந்தவர்கள் அதை வெளிப்படுத்தக் கடவார்கள்” என்று முடித்தார். காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “எனக்கு ஒன்று தெரியும்” என்றார்.

ஞானத்தகப்பன் ஞானமகளைக் கட்ட முடியாது. அது ஞான உறவு. விவாகத்தையே செல்லாமலாக்கும் விக்கினம். இதை உபதேசியாருக்கு ஒருமுறை விளக்கிச் சொன்னவனே நான்தான். மற்றவர்கள் காரியத்தில் நடைமுறை முதலில் நினைவுக்கு வருகிறது. நம் காரியத்தில் அது ஓலை வாசித்த பிறகு வருகிறது.

ஆயரான மேற்றிராணியாருக்கு எழுதி விலக்குக் கேட்கலாம். சிங்கப்பூருக்குக் கடிதம் போய், விசாரித்து, பதில் வருவதற்குள் தபசுகாலம் பாதி போய்விடும். அவள் செந்தூலுக்குப் போய்விடுவாள். அன்று பகல் சாமியார் தமது லத்தீன் சட்டப் புத்தகத்தைத் திறந்து வெகுநேரம் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“ஞானத்தகப்பனானவன் அத்தருணத்தில் பிள்ளையைத் தொட்டிருக்க வேண்டும். தொடாதேபோனால் அவன் ஞானத்தகப்பனே அல்ல; விக்கினமும் இல்லை. நீர் தொட்டீரோ?”

என் வாழ்க்கையில் பதில் தெரியாமல் நான் நின்ற கேள்விகள் சில. அவற்றில் இது முதலாவது. கையை நீட்டியது தெரியும். கூச்சப்பட்டது தெரியும். விரல் நுனி அவள் சேலையில் பட்டதா இல்லையா? பட்டது போலவும் இருந்தது, பட வேண்டும் என்று நினைத்தது போலவும் இருந்தது. “ஆணையிட்டுச் சொல்ல முடியவில்லை, சாமி” என்றேன்.

“ஆகையால் சாட்சிகளை விசாரிப்போம்” என்றார்.

செய்தி புதன்கிழமை ஜெபமாலையில் லயம் முழுக்கப் பரவியது. ‘கிராணி அந்தப் பெண்ணைத் தொட்டாரா இல்லையா என்று சாமியார் சனிக்கிழமை விசாரிக்கிறார்.’ இதற்கு மேல் சட்டத்தை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. லயத்துப் பெண்களுக்கு என்மேல் பெரிய பிரியம் கிடையாது, அவள்மேல் உண்டு. செந்தூலுக்கு அவளை அனுப்பக் கூடாது என்று தீர்மானித்தார்கள். ஒரு பெண்ணைத் தொட்டவன் அவளைக் கட்டியே ஆக வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்த சட்டம். ஆகவே, சனிக்கிழமை கோயிலைக் கழுவி முடித்த ஈரக் கையோடு, என்னைக் காப்பாற்ற ஏழு பேர் சத்தியம் செய்ய வந்தார்கள்.

“தொட்டாரு சாமி! என் ரெண்டு கண்ணால பாத்தேன்” என்றார் முதலாமவர். “நல்லா அழுத்தியே தொட்டாரு.”

சாமியார் பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலத்தை எழுதிக்கொண்டிருந்தவன் நான். வேறு எழுதத் தெரிந்தவர் யார் இருந்தார்கள்? ஒவ்வொருவராக வந்து என் கல்யாணத்தை உடைக்க, அதை நானே அழகாக எழுதிக்கொண்டிருந்தேன். மூன்றாமவர் வெளியே போகும்போது என் காதோடு சொன்னார்: “பயப்படாதீங்க கிராணியாரே, வசமா மாட்டிவிட்டுட்டேன். இனி யாராலயும் பிரிக்க முடியாது.”

உபதேசியாரும் தொட்டார் என்றே சொன்னார். தொடவில்லையென்றால், தொடச் சொல்லிக்கொடுக்காதது யார் என்ற கேள்வி வருமே. பகையும் பிரியமும் இப்படி ஒரே வாக்குமூலத்தில் கையொப்பமிட்டதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மருத்துவச்சி மட்டும் சீறினார். “தொட்டாரா? சாமி, நான் பக்கத்துலயே நிக்கிறேன். வயசுப் பொண்ண ஒரு ஆம்பள தொடுறத பாத்துக்கிட்டு நிப்பேனா? கைய வெட்டியிருக்க மாட்டேன்?”

“ஆயினும் அது சடங்கு அல்லவா, அம்மா?”

“சடங்குன்னா மட்டும்?”

கடைசியாக அவள் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆணையிட்டாள்.

“அவருடைய கை உம்மேல் பட்டதோ?”

“படல சாமி.”

“நிச்சயமாய் அறிவாயோ?”

“இவரு மெழுகுவர்த்திய ஒழுங்காப் பிடிக்கல சாமி. சாய்ச்சு வச்சிருந்தாரு. மெழுகு சொட்டி என் தோளுல சுட்டுச்சு. நீங்க தண்ணி ஊத்துற நேரம் கத்தக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னேன். சேலைல கறை இன்னும் இருக்கு. ஒரு சொட்டு மெழுகு ஞாபகம் இருக்கே, ஒரு கை விழுந்தா ஞாபகம் இருக்காதா? என் தோளு எனக்குத் தெரியாதா? அந்த ஏழு பேருக்கா தெரியும்?”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். “எழுதுங்க” என்றாள் என்னிடம். “மெழுகும் எழுதுங்க.”

சாமியார் கவலையோடு புத்தகத்தைப் புரட்டினார். ஒருவன் கையிலுள்ள வர்த்தியின் மெழுகு ஒருத்திமேல் விழுந்தால், அது அவன் தொட்டதாகுமா? ரோமையில் சட்டம் எழுதியவர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், இதை யோசிக்கவில்லை. மெழுகு கோயிலுடையதா, என்னுடையதா என்று ஒரு கட்டத்தில் கேட்டார். கோயிலுடையது என்றேன். அது எனக்குச் சாதகமா பாதகமா என்று தெரியாமலே சொன்னேன்.

இரண்டாம் ஓலையை ஞாயிறு வாசித்துவிட்டார்கள். தீர்ப்பு வராவிட்டால் மூன்றாவது இல்லை. அடுத்த சனிக்கிழமை சாமியார் ஏழு பேரையும் தனித்தனியே திரும்பக் கூப்பிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எந்தத் தோள்?

இரண்டு பேர் வலது. இரண்டு பேர் இடது. ஒருவர், “ரெண்டும்தான், சாமி, ஒண்ணத் தொட்டு ஒண்ண விட்டா பொண்ணு மனசு நோகாதா?” என்றார். ஒருவர் தலை என்றார். வசமாக மாட்டிவிட்ட மூன்றாமவர், அந்தப் பெரிய சனியன்று தான் காஜாங்கில் தங்கை பிரசவத்துக்குப் போயிருந்ததை அப்போதுதான் நினைவுக்குக் கொண்டுவந்தார். “ஆனா இருந்திருந்தா பாத்திருப்பேன் சாமி” என்றார்.

உபதேசியாரிடமும் அதே கேள்வி. ஆணையிட்டவர், ஒரே பொய்யை இரண்டாம் முறை சொல்லத் தெரியாதவர். அதை நான் அன்று ஒப்புக்கொண்டேன். “அந்நேரம் நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், சாமி. லத்தீன் பிழை வந்துவிடக் கூடாதே என்று” என்றார்.

சாமியார் தீர்ப்பை எழுதச் சொன்னார். கை படவில்லை, ஆகவே ஞான உறவு உண்டாகவில்லை, ஆகவே விக்கினமில்லை. பிறகு என்னைப் பார்த்து, “நீர் ஞானத்தகப்பனுக்கு முற்றிலும் தகுதியற்றவர்” என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கண்டனத்தையும் வாங்கிக்கொண்டதில்லை.

விபூதிப் புதனுக்கு முந்தின செவ்வாய் காலை கல்யாணம். வலக்கையைப் பிடித்துக்கொள்ளும் கட்டம் வந்தபோது, ஏழு பேரும் முன்வரிசையில் முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். “இப்பத்தான் மொத மொதல்ல தொடுறாராம்” என்று ஒரு குரல் கேட்டது. “நாங்க சொன்னா பொய்யி.”

தாய்மாமன் செந்தூலிலிருந்து வந்திருந்தார். நோன்பு தொடங்கியிருந்தால் கூட்டிப் போவதற்கும், தொடங்கியிராவிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போவதற்கும் தயாராக வந்தவர். சீர்த்தட்டையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் மருத்துவச்சி வாயால் கேட்டு முடித்து, என் பக்கம் திரும்பினார்.

“ஏன் மாப்பிள்ள, எங்க பக்கம் பொண்ணத் தொட்டுட்டான்னு பஞ்சாயத்து வச்சு கட்டி வைப்பாங்க. உங்க கோயில்ல தொடலன்னு பஞ்சாயத்து வச்சாத்தான் கட்டி வைப்பாங்களா?”

“அது அப்படியல்ல, மாமா. ஞான உறவு என்று ஒன்று உண்டு. அது எப்படியென்றால்—” என்று நான் முறைப்படி ஆரம்பித்தேன்.

“மாமாவச் சாப்பிட விடுங்க” என்றாள் அவள்.

நிறுத்திக்கொண்டேன்.